துவர்ப்புக்கு ஒரு துணை

சுவைகள் ஆறு என வகுத்தனர் நம் முன்னோர். இனிப்பு, புளிப்பு, கைப்பு, கார்ப்பு, உவர்ப்பு, துவர்ப்பு என்பன அவை. இவற்றுள் இனிப்பை விரும்பாத குழந்தை இல்லை. உவர்ப்பும் கார்ப்பும் இல்லாத கறியை நாம் கறியென்றே மதிப்பதில்லை. புளிப்பிற்குப் பழப்புளியும் தேசிக்காயும் நம் அடுக்களையில் என்றும் உள்ளன. கைப்பையும் பாகற்காய் வடிவில் ஒருவாறு ஏற்றுக்கொண்டோம். துவர்ப்பின் நிலையே இரங்கத்தக்கது. வாழைப்பூவை அரிந்து, பிசைந்து, நீரிலிட்டு, அதன் துவர்ப்பைப் போக்கிய பின்னரே வறை செய்கின்றோம். பாக்கைத் தனியே மென்றவன் முகஞ் சுளிக்கின்றான்.

துவர்ப்பைக் குற்றமெனக் கருதி நீக்காது, அதற்கு ஏற்ற துணையைத் தேடிக்கொடுத்து, அதனாலேயே பெயர்பெற்ற ஒரு நாட்டுப்புறம் ஐரோப்பாவின் மேற்குக் கரையிலே உண்டு. அது போர்த்துக்கல் நாட்டிலுள்ள பைராடா. அங்கு விளையும் பாகா என்னும் கருந்திராட்சையிலிருந்து ஆக்கப்படும் செந்நிற வைனைப் பற்றியும், அதனோடு அம்மக்கள் உண்ணும் உணவுகளைப் பற்றியும் இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

குடும்பத்தாரும் மாணவரும் படிக்கும் இப்பக்கத்தில் மதுவைப் பற்றிய பேச்சு எதற்கு என வாசகர் சிலர் வினவக்கூடும். எவரையும் குடிக்குமாறு தூண்டுவது நம் நோக்கமன்று. மண்ணும் மழையும், அடுப்பும் அரசாணையும் ஒரு போத்தலினுள் எவ்வாறு வந்து கூடுகின்றன என்பதை அறிவது பூமிசாத்திரமும் சரித்திரமும் பயில்வோர்க்குப் பயனுடையதாகும். ஒரு துளியும் அருந்தாதவர்கூட இதிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்று உண்டு.

களிமண் நாடு

போர்த்துக்கல்லின் நடுப்பகுதியில், அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அண்மையாக, அவைரோ நகருக்கும் கொயிம்பிரா நகருக்கும் இடையே பரந்து கிடக்கின்றது பைராடா. கொயிம்பிரா, 1290 ஆம் ஆண்டிலே தோன்றிய பழம்பெரும் பல்கலைக்கழகத்தாற் புகழ்பெற்ற நகர். கிழக்கே புசாக்கோ, கரமூலோ ஆகிய மலைகள் அரண்போல் நிற்கின்றன. மேற்கே கடல். கடற்காற்று தடையின்றி வீசுவதால் கோடையிலும் வெப்பம் மிகுவதில்லை. அனாதியாவும் மியல்யாடாவும் இங்குள்ள முக்கியமான ஊர்கள்.

போர்த்துக்கேய மொழியிற் களிமண்ணைப் 'பாரோ' என்பர். அச்சொல்லிலிருந்தே பைராடா என்னும் பெயர் வந்தது என்பர். களியும் சுண்ணாம்பும் கலந்த அந்நிலம் மாரியில் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வறண்ட கோடையிலே கொடியின் வேருக்குச் சிறுகச் சிறுக வழங்குகின்றது.

பாகா என்ற சொல்லுக்குச் சிறு கனி என்பதே பொருள். பெயருக்கேற்ப அதன் பழங்கள் சிறியவை. குலையில் நெருக்கமாக அடைந்து நிற்பவை. அன்றியும் அது காலந்தாழ்த்திப் பழுக்கும் இனம். புரட்டாதி மாத இறுதியிலும் ஐப்பசியிலும், ஏனைய திராட்சைகள் கொய்யப்பட்ட பின்னரும், பாகா கொடியிலேயே காத்திருக்கும். அப்போதுதான் அத்திலாந்திக் கடலிலிருந்து மழையும் வரும். நெருங்கிய குலைக்குள் நீர் புகுந்தால் பழம் அழுகும். ஆகவே பைராடாக் கமக்காரனுக்கு ஆண்டுதோறும் ஒரு பெருங்கவலை: முழுதும் பழுக்கும்வரை பொறுத்தால் மழையில் யாவும் போய்விடலாம், முந்திக் கொய்தாலோ பழத்தில் துவர்ப்பும் புளிப்பும் தணிந்திரா.

பெரும்பாலோர் முந்திக் கொய்தனர். கொய்த குலைகளைக் காம்போடு கற்றொட்டியிலிட்டு மிதித்தனர். திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றது என்பதை நாம் அறிதல் வேண்டும். கருந்திராட்சையைத் தோலோடு நொதிக்க விடுவதனாலேயே வைனுக்குச் செந்நிறம் உண்டாகின்றது. நிறத்தோடு கூடவே, தோலிலும் விதையிலும் காம்பிலுமுள்ள துவர்ப்புப் பொருளும் வைனில் இறங்குகின்றது. பழம் சிறிதானால், சாற்றின் அளவை நோக்கத் தோலின் அளவு மிகுதி. ஆதலின் துவர்ப்பும் மிகுதி. இவ்வாறு ஆக்கிய பாகா வைன் இளமையில் வாயைக் கட்டும். பல்லைக் கூசச் செய்யும். பத்து, இருபது ஆண்டுகள் போத்தலிற் கிடந்த பின்னரே அது கனிந்து, நிறம் மங்கி, உலர்ந்த பழத்தினதும் புகையிலையினதும் மணம் பெற்று இனிமையடையும். அத்துணைக் காலம் காத்திருக்கும் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

வாயில் நிகழ்வது யாது?

துவர்ப்புப் பொருளை இரசாயன நூலார் தனின் என அழைப்பர். தோல் பதனிடுவோர் பயன்படுத்தும் ஆவாரம்பட்டையிலும், பாக்கிலும், நமது தேயிலையிலும் இருப்பது இவ்வினத்துப் பொருளே. புரதத்தைக் கண்டால் அதனோடு இறுகப் பிணைந்துகொள்வது தனினின் இயல்பு. ஆட்டுத்தோல் பதப்பட்ட தோலாக மாறுவதும் அதனாலேதான்.

நமது உமிழ்நீரிலும் ஒருவகைப் புரதம் உண்டு. நாவும் கன்னத்தின் உட்புறமும் வழுவழுப்பாக இருப்பதற்கு அதுவே காரணம். துவர்ப்புள்ள ஒன்றை அருந்தும்போது தனின் அப்புரதத்தோடு பிணைந்து அதனைத் திரளச் செய்கின்றது. வழுவழுப்பு நீங்க, வாய் வறண்டு சொரசொரப்பாகின்றது. இதனையே துவர்ப்பு என உணர்கின்றோம்.

இனி, வாயில் இறைச்சியோ பாற்கட்டியோ இருக்கும்போது அதே மதுவை அருந்தினால் நடப்பது வேறு. தனின் பிணைந்துகொள்ள உணவிலுள்ள புரதமும் கொழுப்பும் கிடைக்கின்றன. உமிழ்நீரை அது அவ்வளவாகத் தாக்குவதில்லை. மதுவின் கடுமை அடங்குகின்றது. மறுபுறம், மதுவிலுள்ள புளிப்பு நாவிற் படிந்த கொழுப்பின் திகட்டலைக் குறைக்கின்றது. அடுத்த கவளம் முதற் கவளத்தைப் போலவே சுவைக்கின்றது. ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும் இவ்வுறவே பைராடா உணவின் மர்மம்.

இதனை மாணவர் தம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம், மது வேண்டியதில்லை. தேயிலையை வழக்கத்திலும் கூடுதலாக இட்டு, சீனி சேர்க்காது, கடும் வெறுந்தேநீர் ஊற்றுங்கள். ஒரு வாய் அருந்தி நாவின் நிலையைக் கவனியுங்கள். பின்னர், எண்ணெயிற் பொரித்த உழுந்து வடையிற் பாதியை நன்றாக மென்று, மறுபடியும் ஒரு வாய் அருந்துங்கள். முதலிலிருந்த கடுமை தணிந்திருப்பதை உணர்வீர்கள். தேநீர்க்கடையில் வடையும் வெறுந்தேநீரும் சேர்ந்து விற்பதில் நியாயம் உண்டு. தேநீரிற் பால் சேர்ந்ததும் துவர்ப்பு மறைவதற்கும் இதுவே காரணம். பாலிலுள்ள புரதம் தேயிலையின் தனினைப் பற்றிக்கொள்கின்றது.

பன்றிக்குட்டியும் முதிர்ந்த ஆடும்

இந்த நியாயத்தை நூலிற் படியாமலே, தம் அனுபவத்தால் அறிந்துகொண்டவர்கள் பைராடா மக்கள். அவர்களுடைய தலைசிறந்த உணவு, 'லெய்ட்டாவ்' எனப்படும் வாட்டிய பன்றிக்குட்டி. ஏறக்குறைய ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை வயதுள்ள பால்குடி மாறாத குட்டியை எடுத்து, உள்ளி, உப்பு, மிளகு, பன்றிக்கொழுப்பு ஆகியவற்றை அரைத்த கூட்டினை அதன் வயிற்றினுள் தடவித் தைத்துவிடுவர். பின்னர் நீண்ட கோலொன்றிற் கோத்து, விறகால் நன்கு காய்ச்சிய சூளையடுப்பினுள்ளே கோலைத் திருப்பித் திருப்பி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வாட்டுவர். திராட்சைக் கொடிகளைக் கவ்வாத்துச் செய்து கழித்த சுள்ளிகளே முற்காலத்தில் விறகாயின. ஆகவே, மதுவைத் தந்த கொடியே அதற்கேற்ற உணவைச் சமைக்கும் நெருப்பையும் தந்தது.

இடையிலே குட்டியைச் சூளையினின்று வெளியே எடுத்துக் காற்றுப்படச் செய்து, மீண்டும் உள்ளே விடுவர். வெம்மையும் குளிர்மையும் மாறிமாறிப் படுவதால் மேற்றோல் கண்ணாடிபோல் மொறுமொறுப்பாகும். உள்ளே இறைச்சி வெண்ணெய்போல் இளகிக் கொழுப்பூறி நிற்கும். தோடம்பழத் துண்டுகளும் உருளைக்கிழங்கும் பச்சை இலைக் கலவையும் உடன் வைத்துப் பரிமாறுவர். தோடம்பழத்தின் புளிப்பு செய்யும் வேலையையே பாகா வைனின் புளிப்பும் செய்கின்றது. அதற்கு மேலாகத் துவர்ப்பும் கொழுப்பை எதிர்நின்று தாங்குகின்றது. இவ்வுணவோடு நுரைத்தெழும் வைனை அருந்துவாரும் அங்கு பலர். நுரைவைன் ஆக்கும் முறை 1890 ஆம் ஆண்டிலே அனாதியாவிற் கைவரப்பெற்றது. இன்று போர்த்துக்கல்லின் நுரைவைனிற் பெரும்பங்கு பைராடாவினதே.

லிஸ்பனிலிருந்து போர்ட்டோவுக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலை மியல்யாடாவை ஊடறுத்துச் செல்கின்றது. அதன் மருங்கில் இவ்வுணவு விற்கும் சாலைகள் பல உள்ளன. 2011 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் தம் நாட்டின் ஏழு உணவு அதிசயங்களைத் தெரிந்தெடுத்தபோது இதுவும் அவ்வேழனுள் ஒன்றாயிற்று. தம் மேசையின் அதிசயங்கள் நான்கு என்பர் மியல்யாடா ஊரார்: நீர், பாண், வைன், பன்றிக்குட்டி. அயலிலுள்ள லூசோ ஊற்றின் தெளிந்த நீரை வைனுக்குச் சமமாக வைத்து எண்ணிய அவர்தம் பண்பு பாராட்டத்தக்கது.

குட்டியின் வயிற்றிலே தடவும் மிளகு அம்மண்ணில் விளைவதன்று. 1498 இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர், நம் பக்கத்துக் கடல்களிலிருந்து லிஸ்பனுக்குக் கப்பலேறிய பண்டங்களுள் தலையாயது மிளகு.

மற்றோர் உணவு 'சன்பானா'. இது ஏழைகளின் உணவு. பால் வற்றிய முதிய பெண்ணாட்டின் இறைச்சி கடினமானது. வாட்டினால் மெல்ல இயலாது. அதனைத் துண்டுகளாக்கிக் கருநிற மட்பாத்திரத்திலிட்டு, உள்ளி, வாசனை இலை, மிளகு, கொழுப்பு முதலியன சேர்த்து, இறைச்சி மூழ்கும்வரை செந்நிற வைனை ஊற்றிவிடுவர். நீர் ஒரு துளியும் சேர்ப்பதில்லை. பாண் சுட்டு முடிந்த சூளையின் வெம்மையில் அது பல மணி நேரம் மெல்ல மெல்ல வேகும். மதுவின் புளிப்பும் நெடுநேர வெம்மையும் சேர்ந்து இறைச்சியை நார்நாராக இளகச் செய்யும். மறுநாள் சூடாக்கி உண்டால் இன்னுஞ் சுவை என்பர்.

நெப்போலியனின் படைகள் போர்த்துக்கல்லுட் புகுந்த நாளில், பகைவர் கைப்படாதிருக்கக் கிணறுகளில் நஞ்சிட்டமையால், செமிடே என்னும் ஊரிலிருந்த கன்னியர் நீருக்குப் பதிலாக வைனிற் சமைத்தனர் என்றும், அதுவே சன்பானாவின் தோற்றம் என்றும் அவ்வூர்ப் பக்கத்தில் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், 1810 ஆம் ஆண்டு செப்தெம்பர் 27 ஆந் திகதி புசாக்கோ மலையில் வெலிங்டனின் படைக்கும் பிரெஞ்சுப் படைக்கும் பெரும்போர் நிகழ்ந்தது மெய். தனியே பருகக் கடினமான மதுவும் தனியே மெல்லக் கடினமான ஆடும் ஒரு சட்டியிற் கூடி நல்லுணவானமை, குறைவான பொருளைக்கொண்டு நிறைவாக வாழத் தெரிந்த இல்லத்தரசிகளின் திறமைக்குச் சான்று.

வேறு துணைகளும் விலக்குகளும்

மொண்டேகோ ஆற்றிலே மாரி முடியும் காலத்தில் லம்பிரே என்னும் விலாங்கு போன்ற நீர்வாழ் உயிர் பிடிபடும். அதன் இரத்தத்தோடும் செந்நிற வைனோடும் சேர்த்து அரிசியை வேகவைத்து உண்பர். அந்தக் கனத்த உணவையும் பாகாவே தாங்கவல்லது. இறைச்சி உண்ணாதாருக்குப் பாற்கட்டி உண்டு. எஸ்ட்ரேலா மலைத்தொடரிலே செம்மறியாட்டுப் பாலை ஒருவகை முட்செடிப் பூவின் சாற்றால் உறையச் செய்து ஆக்கும் பாற்கட்டி மிக மென்மையானது. அதன் கொழுப்பும் உப்பும் துவர்ப்பைத் தணிக்கும்.

மீனுக்கு வெள்ளை வைனே ஏற்றது என்பது ஐரோப்பியரின் பொதுவிதி. போர்த்துக்கேயர் அதனை முழுதும் ஏற்பதில்லை. உப்பிட்டு உலர்த்திய கொட் மீனை, நாம் கருவாட்டை நேசிப்பதுபோல் நேசிப்பவர்கள் அவர்கள். ஒலிவ எண்ணெய் பெய்து சமைத்த அம்மீனோடு, ஆண்டுகள் சென்று கனிந்த சிவந்த வைனை விரும்பி அருந்துவர். ஆயினும், எண்ணெய்ச் சத்து மிகுந்த புதுமீனுக்குச் சிவந்த வைன் எப்போதும் ஒத்துவராது. வைனிலுள்ள இரும்புச் சத்தே வாயில் மீன்நாற்றத்தை மிகுவிக்கின்றது என 2009 ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் காட்டினர். இரும்பு குறைந்த வைனிலே அத்தீங்கு குறைவு.

நமது உறைப்புக் கறியோடு இது பொருந்துமோ எனின், பொருந்தாது என்பதே நேர்மையான விடை. மிளகாயின் எரிவை உணர்த்தும் நரம்பு முனைகளை மதுசாரமும் தூண்டுகின்றது. எரிவு மிகும், துவர்ப்பும் கூடவே கடுத்துத் தோன்றும். அமெரிக்காவிற் பிறந்த மிளகாயை நம் பக்கத்து நாடுகளுக்குக் கொணர்ந்தோர் போர்த்துக்கேயரே எனினும், அவர்தம் மதுவுக்கும் அதற்கும் நட்பில்லை. இனிப்புப் பண்டங்களோடும் பாகா ஒவ்வாது. இனிப்பின் பின் அது வெறும் புளிப்பாகவே நாவிற்படும்.

வேரோடு பிடுங்குக என்ற ஆணை

இத்தகைய திராட்சை இருமுறை அழிவை நெருங்கியது. முதன்முறை அரசனின் ஆணையால். இரண்டாம் முறை மக்களின் விருப்பு மாறியதால்.

1703 ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் போர்த்துக்கல்லும் செய்துகொண்ட மெதுவன் உடன்படிக்கையின்படி, போர்த்துக்கேய வைனுக்கு இங்கிலாந்தில் தீர்வை குறைக்கப்பட்டது. வடக்கேயுள்ள டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் வைன் போர்ட்டோ துறைமுகத்தினூடாகப் பெருந்தொகையாக ஏற்றுமதியாயிற்று. தேவை மிகவே கலப்படமும் மிகுந்தது. பிற இடத்து வைன் டோரோ வைனின் பெயரால் விலைபோயிற்று. நிறத்தைக் கூட்டுவதற்காக எல்டர் மரத்தின் கனிச்சாற்றைக்கூடச் சேர்த்தனர். விலையும் பெயரும் வீழ்ந்தன.

அந்நாளில் போர்த்துக்கல்லின் ஆட்சி, பிற்காலத்திற் பொம்பால் கோமான் எனப் பட்டம் பெற்ற அமைச்சரின் கையில் இருந்தது. 1755 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தால் இடிந்த லிஸ்பன் நகரை மீளக் கட்டியவர் அவரே. 1756 இல் அவர் ஒரு வைன் கம்பனியை நிறுவி, டோரோ நிலத்துக்கு எல்லை வகுத்தார். போர்ட்டோ நகரிலே சில்லறை வைன் விற்கும் உரிமையையும் அக்கம்பனிக்கே கொடுத்தார். 1757 இல் அந்நகர மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது, பலர் தூக்கிலேறினர்.

1765 இல் வேறோர் ஆணை பிறந்தது. மொண்டேகோ, வூகா, தேஜோ ஆறுகளின் அயலிலுள்ள திராட்சைக் கொடிகளை வேரோடு பிடுங்கி, அந்நிலங்களில் தானியம் விதைக்க வேண்டும் என்பது அது. அனாதியா முதலிய பைராடா ஊர்களும் அதற்குத் தப்பவில்லை. நாட்டுக்குத் தானியம் வேண்டும் என்பது வெளிப்படையாகக் கூறிய காரணம். டோரோ வைனின் பெயரைக் காப்பதும் அதன் பயன். பாட்டன் நட்டுத் தந்தை காத்த கொடியை மகன் தன் கையாலேயே பிடுங்க நேர்ந்த துயரத்தை நாம் எண்ணிப் பார்க்கலாம். திராட்சை, விதைத்த ஆண்டிலே அறுக்கும் நெல்லன்று. புதுக்கொடி பயன்தரச் சில ஆண்டுகள் செல்லும். பழங்கொடியின் சாறு பெறவோ ஒரு தலைமுறை வேண்டும்.

1777 இல் அரசன் இறந்து முதலாம் மரியா அரசியானதும் பொம்பால் பதவி இழந்தார். காலப்போக்கிற் பைராடா நிலத்திற் கொடிகள் மறுபடியும் தளிர்த்தன. ஆயினும், டோரோவுக்கு 1756 இலே கிடைத்த எல்லை வகுத்த நிலம் என்ற சட்ட மதிப்பு, பைராடாவுக்கு 1979 இலேதான் கிடைத்தது.

இரண்டாம் சோதனை

இரண்டாம் சோதனை அரவமின்றி வந்தது. 1986 இற் போர்த்துக்கல் ஐரோப்பியச் சமூகத்திற் சேர்ந்தது. பிற நாட்டுச் சந்தைகள் திறந்தன. அங்குள்ளோர் விரும்பியது, வாங்கிய அன்றே பருகத்தக்க மென்மையும் பழச்சுவையும் உடைய வைன். வாயைக் கட்டும் பாகாவை அவர்கள் விரும்பவில்லை. கமக்காரர் பலர் பாகாவைக் களைந்து வேறு இனங்களை நட்டனர். 2003 இல் விதிகளும் தளர்ந்தன. கபர்னே சோவினியோன், மேர்லோ முதலிய பிரெஞ்சு இனங்களைக் கொண்டும் பைராடா என்னும் பெயரால் வைன் ஆக்க இடமுண்டாயிற்று.

அவ்வேளையில் பாகாவைக் கைவிடாது, அதன் குறையை அறிவாற் களைய முற்பட்டோர் சிலர். அவர்களுள் லூயிஸ் பாத்தோ குறிப்பிடத்தக்கவர். இரசாயனப் பொறியியல் பயின்ற இவர் 1980 இலே தம் முதல் வைனை ஆக்கினார். காம்பை நீக்கிவிட்டுப் பழத்தை மாத்திரம் நொதிக்க வைத்து, துவர்ப்பின் கடுமையைத் தணித்தார். கொடியிலுள்ள குலைகளுட் சிலவற்றை முந்திக் கொய்து நுரைவைனுக்கு ஆக்கினார். நுரைவைனுக்குப் புளிப்பு மிகுந்த பழமே வேண்டும். எஞ்சிய குலைகளுக்குக் கொடியின் முழு வலிமையும் கிடைக்க, அவை மழைக்கு முன்பே நன்கு பழுத்தன. எளிய உபாயந்தான். எனினும், கமக்காரனின் பழைய கவலைக்கு அதனால் ஒரு விடை கிடைத்தது. இன்று இளந்தலைமுறையினர் பலர் அவ்வழியிற் பாகாவைப் போற்றுகின்றனர்.

மேலைச் சந்தை ஒதுக்கிய காலத்திலும் பாகாவுக்கு உள்ளூரில் இடமிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. பன்றிக்குட்டி வாட்டும் சூளையும், சன்பானா வேகும் மட்சட்டியும் இருக்கும்வரை, அவற்றுக்கேற்ற துவர்ப்பும் புளிப்பும் உடைய மது வேண்டியிருந்தது. ஆராய்ச்சியாளர் தம் பங்கைச் செய்தனர். அவர்களுக்கு முன்பே அடுக்களை தன் பங்கைச் செய்து வைத்திருந்தது என்பதே நம் கருத்து.

நம் மொழியில் எஞ்சியவை

1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் 1658 இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தரிடம் இழந்து இத்தீவை விட்டு நீங்கினர். அவர்களோடு அவர்தம் வைனும் நீங்கியது. அதனைச் சார்ந்த சொற்களோ நீங்கவில்லை. அவர்கள் வைனை அடைத்த 'பீப்பா' நம்மிடம் பீப்பாயாக இருக்கின்றது. அவர்களுடைய 'தவேர்ணா' கள் விற்கும் தவறணையாயிற்று. 'வினாகிரே' என்பதற்குப் புளித்த வைன் என்பதே அடிப்பொருள். அதுவே நம் அடுக்களை வினாகிரி. கொழுப்பிறைச்சியை வைனிலும் உள்ளியிலும் ஊறவைத்த அவர்களது பழைய உணவு, கோவாவிலே தென்னங்கள்ளின் வினாகிரியோடு சேர்ந்து விண்டலூ ஆயிற்று. கொழுப்புக்குப் புளிப்பே துணை என்ற அறிவு, கப்பலேறி வந்த பின்னும் மாறவில்லை.

நிறைவாக ஒரு சொல். இலங்கையில் 21 வயதுக்குட்பட்டோருக்கு மதுவகை விற்பதை 2006 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. உடலுக்குத் தீங்கில்லாத மது அளவு என ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவித்தது. ஆகவே இக்கட்டுரையைப் படித்தவர் போத்தலைத் தேடவேண்டியதில்லை. நாம் முன்பு கூறிய தேநீர்ச் சோதனையே போதும். அதனைச் செய்து பார்க்கும் மாணவர், அடுத்த முறை அன்னை வாழைப்பூவின் துவர்ப்பைப் போக்கிச் சமைக்கும்போதும், கொழுத்த மீன்கறிக்குப் பழப்புளி கரைக்கும்போதும், அருகில் நின்று காரணத்தைக் கேட்பாராக. பைராடா நாட்டவர் சூளையருகில் நின்று கற்றதை, நம் இல்லத்து மூதாட்டியரும் தம் அடுப்பருகில் நின்றே கற்றனர்.